வாங்கு தந்த தோழிகள்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் படித்த காலத்தில் தோழி தேடி நாங்கள் அலையவில்லை. வகுப்பாசிரியை உயரம் பார்த்து இருத்திவிட்ட வாங்கு அந்த வேலையைச் செய்தது. பக்கத்தில் இருந்தவள் சிநேகிதி, அவ்வளவுதான். அவளுடைய புட்டில் பாதி எனக்கு, நான் செய்த கணக்கில் பாதி அவளுக்கு. விடுதிப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கம். கிணற்றடியிலும் இரவுப் படிப்பிலும் வளர்ந்த உறவு அது. நாளுக்கு ஆறு மணித்தியாலம், வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள், ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை. பிறகு வேறு யாரோடு இவ்வளவு நேரம் சும்மா இருந்து கதைத்திருக்கிறோம்? கட்டிய கணவரோடுகூட இல்லை. சிரிக்கிறீர்கள், உண்மைதானே!

படிப்பு முடிந்தபின் அப்படியொரு வாங்கை யாரும் போட்டுத் தருவதில்லை. கொழும்பிலோ லண்டனிலோ ரொறொன்ரோவிலோ ஒருத்தியைச் சிநேகிதியாக்க வேண்டுமென்றால் நாமே தொலைபேசி எடுக்க வேண்டும், நாள் குறிக்க வேண்டும், அவள் வர முடியாது என்றால் மனம் கோணாமல் இன்னொரு நாள் குறிக்க வேண்டும். போதாக்குறைக்கு, எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற விசாரணை வேறு. வாங்கில் இருந்தபோது அந்தக் கேள்வி எங்களுக்குத் தெரியாது. வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது!

எங்கள் வட்ஸ்அப் குழுவில், “பள்ளிக்கூடச் சிநேகிதம் போல இனி வராது” என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பழைய தோழிக்கு என் பதினாறு வயது தெரியும், பட்டப்பெயர் தெரியும். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த அன்று சூப் காய்ச்சிக் கொண்டுவந்தவள் ஐம்பது வயதில் பழகிய அயல்வீட்டுக்காரி. யாரும் அவளை என் பக்கத்தில் இருத்திவிடவில்லை. அவளாக வந்தாள்.

இப்படித் தேடிச் சேரும் சிநேகிதத்தைப் பள்ளிக்கூட வயதிலேயே பழகிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் மற்றப் பாடசாலைகளில் வந்து சேர்ந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. பலர் வன்னிக்குப் போனார்கள். 1996இல் திரும்பியவர்கள் உண்டு, திரும்பாமலே கடல் கடந்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே வாங்கில் ஏழு வருடம் கிடைக்கவில்லை. அடுத்த தவணை இவள் இருப்பாளோ என்று தெரியாமல்தான் ஒருத்தியோடு ஒருத்தி கைகோத்தார்கள்.

எங்களோடு இரண்டு தவணை, மூன்று தவணை மட்டும் படித்துவிட்டுப் போனவர்கள் இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. “நானும் பழைய மாணவியா?” என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். நூற்றாண்டுக் கணக்கில் அவர்களைச் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

வாசலில் இருக்கும் பதிவுப் புத்தகத்தில் சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஆண்டு வந்தாலும் எழுதலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அப்படி ஒருத்தியின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருந்தால், தேநீருக்குப் போகுமுன் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.