விரலுக்கு விலை எழுதியவர்



தலைவன் மாண்டபின் அவனைச் சார்ந்தோர் செய்வதறியாது கலங்கும் துயரத்துக்கு நம் முன்னோர் 'கையறுநிலை' என்று பெயரிட்டனர். அம்பத்தூர், ஓசூர், கோவைப் பட்டறைகளில் இன்று அச்சொல் எழுத்துக்கெழுத்து மெய்யாகின்றது. உழைப்பவனின் கையே அறுகின்றது.

தொழிலாளர் 'பவர் பிரசு' என்றழைக்கும் அழுத்தப்பொறியை எண்ணிப் பாருங்கள். கை தகட்டை அச்சின்மேல் வைக்கும். கால் மிதியை அழுத்தும். சுழலும் பேராழியின் விசை முழுவதும் மேலச்சின் வழியே இறங்கும். பழைய பொறிகளில், ஆழியோடு அச்சை இணைக்கும் ஆப்பு தேய்ந்து பழுதானால், மிதியைத் தொடாமலே மேலச்சு மீண்டும் ஒருமுறை இறங்கும். அடித்த தகட்டை எடுக்க நீண்ட விரல்கள் அந்நொடியில் அங்கே இருக்கும்.

காப்பு இல்லாமல் இல்லை. இரு கைகளாலும் இரு குமிழ்களை ஒருங்கே அழுத்தினாலன்றி இயங்காத அமைப்பு உண்டு. கை குறுக்கிட்டால் பொறியை நிறுத்தும் ஒளித்திரையும் உண்டு. அவை வேலையின் விரைவைக் குறைக்கின்றனவாம்! எனவே ஒரு குமிழைக் கட்டிவைத்தும், ஒளித்திரையை அணைத்தும் வேலை வாங்குவர். பின்னர், "காப்பை அவனே கழற்றினான்" என்று எழுதி வைப்பர். தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினான் என்றால் இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் வழியுண்டு என்பது அவர்களுக்குத் தெரியும், தொழிலாளிக்குத் தெரியாது.

விரலுக்கு விலை எழுதியது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். அதன் பட்டியலில் பெருவிரல் போனால் 30 விழுக்காடு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, அணிவிரலோ சிறுவிரலோ ஆயின் 7, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஈட்டும் திறனில் அத்தனை பங்கு போயிற்று என்பது பொருள். பொற்கொல்லன் நிறைகோலும் இத்துணை நுணுக்கமாய் நிறுக்குமோ? ஆனால், அவ்விரல் எத்தொழில் செய்த விரல் என்று பட்டியல் கேட்பதில்லை. கேட்ட மன்றம் ஒன்றுண்டு. இடக்கையை இழந்த தச்சன் ஒருவன் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே அவனது இழப்பு முழு இழப்பே என்ற முடிவை 1975 திசம்பரில் இந்திய உச்ச நயன்மன்றம் நிலைநிறுத்தியது. நல்ல தீர்ப்பு. அஃது ஆங்கிலத்தில் கிடக்கின்றது.

சட்டமும் ஆங்கிலத்தில், பொறியில் ஒட்டிய எச்சரிக்கையும் ஆங்கிலத்தில், 'எனக்கு இழப்பீடு வேண்டா' என்று நீட்டப்படும் தாளும் ஆங்கிலத்தில்! எஞ்சிய கையால் கைநாட்டு வைத்துவிட்டு அவன் ஊருக்குப் போகிறான். அத்தாள் செல்லாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் வெற்று என்று அப்பழஞ்சட்டத்தின் 17ஆம் பிரிவே கூறியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் குமுகக் காப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபின்னும் இழப்பீட்டுரிமை ஒழியவில்லை. இவ்வளவையும் எவன் அவனிடம் அவன் மொழியில் சொன்னான்?

இன்று அப்பொறிகளின் முன் ஒடியரும் வங்காளியரும் நிற்கின்றனர். அவர்க்கு அவர்தம் தாய்மொழியில் எச்சரிக்கை வேண்டும் என்பது தமிழுக்குப் பகையன்று. தமிழன் கேட்கும் உரிமை அதுவே.

சென்னை இசுடான்லி மருத்துவமனையில் மருத்துவர் வேங்கடசாமி 1971இல் கை அறுவைக்கெனத் தனித்துறை கண்டார். அறுந்த விரலை மீண்டும் பொருத்தும் மருத்துவம் தமிழகத்திலேயே உண்டு. விரல் கெடாமல் விரைந்து போய்ச் சேரவேண்டும். தூய ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்து எடுத்துச் செல்க. பனிக்கட்டி விரலை நேரே தொடலாகாது. இவ்வரிகள் தமிழிலும் ஒடியத்திலும் வங்கத்திலும் சுவரொட்டியாக அச்சாகியுள்ளன. பட்டறை வாயில்களில் ஒட்ட முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்க.