கல்லும் புல்லும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், புளியந்தோப்பில் ஆற்றப்பெற்ற உரை)



நெய்தல் நிலத்தின் விளிம்பில் அமைந்த ஊர் புளியந்தோப்பு. கிழக்கே இராயபுரமும் காசிமேடும். வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும். மண்ணைத் தோண்டினால் களியும் மணலும் வருமேயன்றிப் பாறை வராது. மலை என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணுக்கு எட்டிய தொலைவில் இல்லை. ஆயினும், இரவில் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் நீலகிரி விரைவு வண்டி பேசின்பாலத்தைக் கடந்து இவ்வூரின் ஓரமாகவே செல்கிறது. மறுநாள் காலையில் மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தை அடைந்துவிடுகிறது. நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் இடைப்பட்ட தொலைவு ஓர் இரவுதான்.

கவிதையில் மட்டும் அத்தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை. கவியரங்குகளில் மலை குறைவின்றிப் பாடப்படுகிறது. முகில் தவழ்கிறது, அருவி கொட்டுகிறது, மயில் ஆடுகிறது, தேன் சொட்டுகிறது. அது எந்த மலை என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. மலைக்கு நேரில் சென்று திரும்பியவர் எழுதும் பாட்டும், செல்லாமலேயே எழுதியவர் பாட்டும் ஒன்றுபோல் இருந்தால், சென்றதன் பயன் யாது?

தொல்காப்பியர் திணையை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமே உரிப்பொருள். இக்காலக் கவிதையில் உரிப்பொருள் மட்டும் தங்கி, மற்ற இரண்டும் அணிகலன்களாகச் சுருங்கிவிட்டன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். ஒவ்வொன்றையும் அறிந்த ஒரு சமுதாயம் எதிரே அமர்ந்து கேட்டது என்பதற்கு அதுவே சான்று. இன்று மலையேறுவோருள் ஒன்பது பூக்களையேனும் பெயர் சொல்லி அழைக்க வல்லார் எத்துணை பேர்?

எனவே, நீலகிரியைக் காணச் செல்லும் கவிஞர் அங்கு எதைக் காணவேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். கல், புல், சொல் என மூன்றைக் காணவேண்டும்.

கல்

கல்கத்தா நகரின் தொடக்ககால வரலாற்றில் பேசப்படும் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறை அந்நகரத்துப் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன்மேல் கிடக்கும் கரிய பலகைக்கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையிலிருந்து சென்றது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893-ஆம் ஆண்டில் அப்பாறை வகைக்கு அவர் பெயரால் ‘சார்னக்கைட்’ எனப் பெயர் சூட்டினார். பரங்கிமலையில் உள்ள அவ்வகைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. உலகின் எப்பகுதியில் அக்கல் கிடைத்தாலும் அதற்கு இலக்கணம் வகுத்த ஊர் சென்னையின் புறநகரே.

நீலகிரி மலைத்தொகுதி பெரும்பாலும் இதே பாறையால் ஆனது. உடைத்த முகத்தில் பசுமையும் நீலமும் கலந்த கருமை. எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். நிலத்துக்கு அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இக்கல் உருமாறி இறுகியது. வடக்கே மோயாற்றின் பிளவும் தெற்கே பவானியின் பிளவும் எல்லையாக அமைய, இடைப்பட்ட நிலம் உயர்ந்து நிற்கிறது. அதன் தலையான தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். ஆழத்தில் பிறந்த கல் உயரத்தில் கிடக்கிறது என்பதே அம்மலையின் வரலாறு. உச்சியில் நின்று புகைப்படம் எடுத்துத் திரும்புவோர், தாம் நிற்பது ஒரு காலத்தில் நிலத்தின் அடிவயிறாக இருந்தது என்பதை எண்ணுவதில்லை.

வடசென்னையார்க்கு மலைக்கல் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், கரையோரம் வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்க உள்நாட்டுக் குன்றுகளை உடைத்துக் கொண்டுவந்த பாறைகளே இன்று காசிமேட்டுக்கு வடக்கே அலைகளைத் தாங்குகின்றன. குறிஞ்சி உடைந்து நெய்தலைக் காத்து நிற்கும் காட்சி அது. அதைப் பாடிய கவிதை அரிது.

கல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. நெடுங்கால மழையில் மேற்பாறை மக்கி ஆழமான மண்ணாகிறது. சரிவை வெட்டிச் சாலையும் விடுதியும் எழுப்பினால், பெருமழையில் அம்மண் இறங்கிவிடும். 1978, 1979, 2009 ஆகிய ஆண்டுகளில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. ‘அவலாஞ்சி’ என்னும் இடப்பெயரே பழைய மலைச்சரிவு ஒன்றின் நினைவாகும். அவ்விடத்தில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் நாள், ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மலை அசையாதது என்னும் உவமையைக் கையாளுவோர் அவலாஞ்சியை ஒருமுறை கண்டுவருதல் நன்று.

புல்

நீலகிரியின் மேல்மட்டம் இருவகைத் தோற்றமுடையது. மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான, நெருக்கமான, என்றும் பசிய காடு; அதுவே சோலை. சோலைகளுக்கு இடையே மேடுகளை மூடிய புல்வெளி. சோலைக்குள் இருள், வெளியே காற்று. நடுவே வேலியிட்டதுபோல் தெளிந்த எல்லை. எல்லையில் சிவந்த பூக்களோடு காட்டுப் பூவரசு நிற்கும். அதன் உறவினம் இமயத்தில் உண்டு. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் உண்டு. இடைப்பட்ட வெப்பச் சமவெளிகளில் இல்லை. குளிர்காலம் ஒன்று இந்நிலமெங்கும் பரவியிருந்த ஊழியின் எச்சம் அது என்பர்.

புல்வெளி, காடு அழிந்தபின் தோன்றிய வெற்றிடம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து, சுகுமார் முதலிய அறிஞர்கள் 1993-இல் வெளியிட்ட முடிவு அதை மறுத்தது. மனிதர் காடழிக்கத் தொடங்கியதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அங்குப் புல் இருந்தது. ஈரமான காலங்களில் சோலை விரியும். வறண்ட காலங்களில் புல் விரியும். புல்வெளியும் மூத்த குடியே.

அப்புல்லை நம்பி வாழ்வது வரையாடு. சங்க நூல்கள் வருடை என்று சுட்டுவது இதனையே என அறிஞர் கருதுவர். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1031 வரையாடுகள் கணக்கிடப்பட்டன. அதற்கெனவே காக்கப்படும் முக்கூர்த்தித் தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது அவற்றுள் ஒன்றாயிற்று.

புல்லின் பெரும்பணி நீர் காத்தல். மழையையும் பனியையும் வாங்கிச் சதுப்பில் நிறுத்திக் கோடையில் ஓடையாக விடுகிறது. அவ்வோடைகள் பவானியில் சேரும். பவானி காவிரியில் சேரும். கொள்ளிடத்துக் கீழணையில் திரும்பும் காவிரி நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்பும். 2004 முதல் வீராணத்து நீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. தலைநகரத்தார் பருகும் குவளையில் நீலகிரிப் புல்லின் துளியும் கலந்திருக்கலாம்.

சொல்

இத்துணைச் சிறப்புடைய புல்வெளி எவ்வாறு அழிந்தது? ஒரு சொல்லால் அழிந்தது. அச்சொல் ‘தரிசு’.

1819-இல் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபின் உதகை நகரமாயிற்று. நகருக்கு விறகு வேண்டியிருந்தது. மரமில்லாத மேடுகள் பயனற்ற நிலமாகத் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டையும், ஆலைகளுக்கு மரக்கூழும் வேண்டி நடவு தொடர்ந்தது. நட்டவர்கள் தீயோர் அல்லர். பசுமை வளர்ப்பதாகவே நம்பினர். நிலத்தின் பெயரைப் பிழையாகப் படித்தனர், அவ்வளவே. இன்று சீகை தானே பரவுகிறது. அதை அகற்றிப் புல்லை மீட்க வனத்துறை முயன்று வருகிறது. நட்டதைவிட அகற்றுதல் கடினம்.

இவ்வரலாறு வடசென்னையாருக்கு விளங்காததன்று. எண்ணூரில் கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் நண்டுக்கும் இறாலுக்கும் தாய்மடி, வெள்ளத்துக்கு வடிகால். ஏட்டில் அது சேறாகவும் வெற்றிடமாகவும் தோன்றியது. எனவே, அனல்மின் நிலையச் சாம்பல் அங்குச் சேர்ந்தது. சுவர்களும் சாலைகளும் எழுந்தன. கழி என்ற சொல்லின் பொருளை அறிந்தவர்கள் அங்கு வலைவீசியோர் மட்டுமே. குறிஞ்சியில் புல் பட்ட பாட்டையே நெய்தலில் கழி பட்டது. பெயரிழந்த நிலம் பிறர் கைக்கு எளிதில் போய்விடுகிறது.

இதற்கு மாற்று எங்கே இருக்கிறது? அதே நீலகிரியில், தோடர் பாடல்களில் இருக்கிறது. தோடமொழி திராவிட மொழிகளுள் ஒன்று. எழுத்து வழக்கின்றி வாழ்ந்த மொழி. எமனோ என்ற மொழியறிஞர் 1930-களில் அங்குத் தங்கித் திரட்டிய தோடர் பாடல்கள் 1971-இல் பெருநூலாக வெளிவந்தன. அப்பாடல்களில் தொடர்கள் இணை இணையாக வரும். மந்து என்னும் அவர்தம் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும், மேட்டுக்கும், ஓடைக்கும், எருமைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெயரைச் சொன்னாலே பாட்டாகிவிடும். கோயில் வேயும் புல் இன்னது, அது முளைக்கும் சதுப்பு இன்னது என்று அறிந்த மக்களின் கவிதை அது. அப்புல் அருகினால் கோயில் கூரை மட்டுமன்றிப் பாட்டின் ஒரு வரியும் சரியும்.

எனவே, மலைக்குச் செல்லும் கவிஞர்க்குக் கடமைகள் சில உண்டு. கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஒருவராகச் செல்லற்க. வாகன நெருக்கடி மிகுந்ததால், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் செல்ல இணையவழி அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு என்பதன் அறிவிப்பு அது. குறிஞ்சிக்குரிய பொழுதாகத் தொல்காப்பியர் சொன்னவற்றுள் முன்பனியும் ஒன்று. அப்பருவத்தில் செல்க. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் எட்டிய பல்சக்கர இரயிலில், 46 கிலோமீட்டரையும் மெல்ல ஏறுக. முக்கூர்த்தியில் வனத்துறையின் இசைவின்றிக் கால் வைக்கற்க. வழிகாட்டும் தோடரிடமும் படகரிடமும் இருளரிடமும் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டறிக. கொண்டுவரத்தக்கது கல்லன்று, பூவன்று; பெயரே.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. குறிஞ்சி பூத்தது என ஆண்டுதோறும் செய்தி வருவது, வேறு காலக்கணக்குடைய அதன் உறவினங்கள் பூப்பதாலாகும். பெயரை உற்று நோக்காததால் வரும் மயக்கம் அதுவும். நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும். பூத்தபின் செடி மடியும். விதை மண்ணில் காத்திருக்கும். புல்வெளி இருந்தால் மட்டுமே அடுத்த பூப்பு உண்டு.

பத்தாண்டு நிறைவு எந்த இலக்கிய வட்டத்துக்கும் பெருமைக்குரியதே. குறிஞ்சியின் கணக்கில் அது இன்னும் பூக்கும் பருவமன்று. மேலும் இரண்டாண்டுகள் வேரில் உழைக்க வேண்டும். அவ்வுழைப்பைப் பெயரறிதலில் தொடங்குதல் நலம். மலைக்குச் செல்ல இயலாதார் எண்ணூர்க் கழிக்குச் செல்லலாம். அங்கும் பெயர்கள் காத்திருக்கின்றன.