கேபிளைத் துண்டித்தால் மிச்சமாவது எவ்வளவு?

கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு, இணையத்தின் வழியே படங்களையும் தொடர்களையும் தரும் ஓடிடி சேவைகளுக்கு மாறினால் குடும்பச் செலவு குறையும் என்னும் கருத்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. மாதக் கேபிள் கட்டணம் பல வீடுகளில் நூறு டாலரைத் தொட்டுவிட்ட அமெரிக்காவில் இக்கருத்துக்கு நல்ல அடிப்படை இருந்தது. 2011ஆம் ஆண்டில் அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கிய தமிழ்நாட்டிலோ, அதே கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுமுன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் கேபிள் கட்டணத்தைப் பார்க்கலாம். டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வகுத்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, இக்கட்டணம் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது: ஒன்று, சேனல்களை வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான இணைப்புக் கட்டணம், மற்றொன்று, கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செலுத்தும் விலை. இணைப்புக் கட்டணத்துக்கு அப்போது 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 2024இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. தொகுப்பில் இடம்பெறும் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது 2022இல் திருத்தப்பட்ட விதி. பழைய 130 ரூபாயையே வைத்துக்கொண்டு, 19 ரூபாய் வீதம் நான்கு சேனல்களைச் சேர்த்து, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியையும் கூட்டினால், மாதத்துக்கு ஏறத்தாழ 243 ரூபாய் வருகிறது.

டிராயின் இந்த விதிகள் சந்தாதாரருக்குத் தந்த உரிமை, வேண்டிய சேனலை மட்டும் பெற்று வேண்டாததை விலக்கும் உரிமையாகும். ஆயினும், கேபிள்காரர் தரும் பேக்கேஜை மாதந்தோறும் அப்படியே ரீசார்ஜ் செய்யும் வீடுகளே மிகுதி. யாரும் பார்க்காத சேனல்களுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கிறது. சிக்கனம்தான் நோக்கம் என்றால், இணைப்பை நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைத் திருத்திப் பார்ப்பதே முறையான முதல் வேலையாகும்.

ஓடிடியின் பக்கம் வந்தால், விலைப்பட்டியலில் தெரியாத ஒரு செலவு முதலில் எதிர்ப்படுகிறது. உயர்தெளிவுப் படம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3 ஜிபி டேட்டா கரையும். ஆகவே நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைப்பேசித் திட்டம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் வீட்டுக்குத் தனி பிராட்பேண்ட் இணைப்பு தேவைப்படுகிறது. 399 ரூபாய் என்று விளம்பரம் செய்யப்படும் இணைப்பு, வரியும் சேர்ந்து, 470 ரூபாயைத் தாண்டுகிறது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ அந்த இணைப்பு ஏற்கெனவே உள்ள வீட்டில் இது புதிய செலவாகாது. ஓடிடிக்காகவே அதைப் புதிதாக வாங்கும் வீட்டில், சந்தா ஒன்றுகூடச் சேருமுன்பே கேபிளின் மிச்சம் கரைந்துவிடுகிறது.

இனி, சந்தாக்கள். மாலை ஆறரை மணியிலிருந்து இரவு பத்து மணிவரை சீரியல் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சன் டிவியின் தொடர்கள் சன் நெக்ஸ்ட் தளத்திலும், விஜய் டிவியின் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழின் தொடர்கள் ஜீ5 தளத்திலும் இருக்கின்றன. கேபிளில் ரிமோட்டின் ஒரு பொத்தானில் மாறிய மூன்று சேனல்களுக்காக, இங்கே மூன்று நிறுவனங்களுக்குத் தனித்தனியே சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. அதன்மேல் நெட்ஃபிளிக்ஸும் வேண்டுமென்றால், 2021 இறுதியில் விலை குறைக்கப்பட்டபோதே அதன் அடிப்படைத் திட்டம் மாதம் 199 ரூபாய். அதிலும் ஒரே நேரத்தில் ஒரே திரையில்தான் பார்க்க முடியும். அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1499 ரூபாய் வாங்கிக்கொண்டும் 2025 ஜூன் முதல் விளம்பரங்களைக் காட்டுகிறது. அவற்றைத் தவிர்க்க விரும்புவோர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பணம் கட்டியும் விளம்பரம் பார்ப்பது கேபிளுக்கே உரிய குறை என்று கருதி விலகியவர்களுக்கு இது சற்றுக் கசப்பான செய்தியே.

அப்படியானால் மாற்றத்தால் பயன் பெறுவோர் யார் என்றால், பிராட்பேண்ட் ஏற்கெனவே உள்ளவர்களும், சீரியல் பழக்கம் இல்லாதவர்களும், செய்திக்கு யூடியூபில் இலவசமாக வரும் தமிழ்ச் செய்திச் சேனல்களின் நேரலையே போதும் என்பவர்களுமே. அவர்களுக்கும் உண்மையான மிச்சம், எல்லாத் தளங்களையும் ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளாமல், பார்க்க வேண்டியவை சேர்ந்த பிறகு ஒரு மாதத்துக்கு ஒரு தளத்தை எடுத்து, முடித்ததும் நிறுத்தி, அடுத்த மாதம் வேறொன்றுக்குப் போவதில் இருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டுச் சந்தாவை மலிவாகக் காட்டுவதற்கு இந்த வழக்கத்தைத் தடுக்கும் எண்ணமும் ஒரு காரணமாகலாம்.

இதற்குப் பெரிய தடையாக இருப்பது, முதல் மாதத்தில் கொடுத்த ஒப்புதலின்பேரில் பணத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே முறை. 2021 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இவ்வாறு பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிக்கும் வழக்கத்தை விட்டு, யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியைத் திறந்து, பார்க்காத தளத்துக்குக் கொடுத்த ஒப்புதலை ரத்துசெய்ய ஓரிரு நிமிடமே ஆகும்.