துயின்ற புலவரும் வீசிய கவரியும்



செட்டிநாடு கொடைக்குப் பெயர் பெற்ற நாடு. வள்ளல் அழகப்பர் 1947ஆம் ஆண்டு காரைக்குடியில் தோற்றுவித்த கல்லூரியும், அவர் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் அதற்குச் சான்று பகர்வன. பெருங்கொடைக்குக் கல்லும் சுவரும் சாட்சியாகும். அவை அறியாத சிறுசெயலுக்கு எவர் சாட்சி?

புறநானூற்றின் 50ஆம் பாட்டு இதற்கு விடை தருகின்றது. பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வந்தார் மோசிகீரனார். வீரமுரசு நீராட்டுக்குச் சென்றிருந்தது. வெறுமையாய்க் கிடந்த முரசுகட்டில் இன்னதென்று அறியாமல் அதில் ஏறித் துயின்றார். அவ்வாறு ஏறியவரை வாளால் வெட்டுதல் அக்கால மரபு. அரசனோ வாளை விடுத்துக் கவரியை எடுத்தான். புலவர் விழிக்கும்வரை வீசி நின்றான்.

வாளை விடுத்தது பொறுமை. அதனை அரச கடமை என்றும் கூறலாம். கவரியை எடுக்கும் கடமை அவனுக்கு எந்நூலிலும் இல்லை. விசிறப்பெற்றவரோ உறக்கத்தில் இருந்தார். தகடூரை வென்றது அவன் தோளின் வலிமையைக் காட்டிற்று. கவரி வீசியது அத்தோளுக்கு உரியவன் யார் என்பதைக் காட்டிற்று.

பாரியின் பறம்பு எனப் போற்றப்படும் பிரான்மலை இம்மாவட்டத்திலேயே உள்ளது. அவனிடம் தேர் பெற்ற முல்லைக்கு நன்றி கூற நாவில்லை. ஆய் என்னும் வள்ளலைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயனை எண்ணி இம்மையில் அறம் செய்யும் வணிகன் அவன் அல்லன் என்றார். வரவும் செலவும் வட்டியும் நன்கறிந்த இவ்வூராருக்கு அச்சொல்லின் அருமை எளிதில் விளங்கும். வரவு எதிர்பாராத செலவிலேதான் மனிதனின் உள்ளம் வெளிப்படுகின்றது.

விழித்த மோசிகீரனார் தாம் கண்டதைப் பாடினார். அதனாலன்றோ அச்செயல் இன்றளவும் வாழ்கிறது! காண்பதும் பாடுவதும் புலவர் கடன்.

இலக்கிய விழாக்களில் பாராட்டுப் பாக்கள் பெரும்பாலும் மேடையில் வீற்றிருப்போர்க்கே உரியனவாகின்றன. கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை மடித்து அடுக்குபவரையும், பார்வை மங்கிய முதியவரைக் கைப்பிடித்து வீட்டு வாயில்வரை கொண்டு சேர்ப்பவரையும் எந்தப் பா பாடிற்று? பத்தாண்டு நிறைவுற்ற இந்நாளில் கவிஞர்கள் சற்றே கீழிறங்கி அவர்களைக் காணட்டும். கவரிகள் இன்றும் ஓசையின்றி வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. விழித்தெழ வேண்டியவர் புலவரே.