தீவுக்குக் கடலே வயல்

(எருமப்பட்டியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொல்லிமலையைப் பார்த்து வாழும் நமக்குக் கடலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் வட்டாரத்துக் கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சலும் கலந்து வருவதைப் பண்ணையாளர்கள் அறிவார்கள். அவை விளைந்த வயல் கடலே. அவ்வயலையே நம்பி வாழ்வோர் தீவு மக்கள்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கும் அங்கேதான் புகலிடம். அப்பாறைகளைப் பல்லாண்டுகள் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினார்கள். ஏரிக்கரையை வெட்டி வீட்டுக்கு மண் எடுத்த கதைதான்! அலை அரித்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

சட்டத்தோடு ஒரு சங்கடமும் வந்தது. அத்தீவுகளின் ஓரத்தில் மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பாம்பன் பகுதிப் பெண்கள் எங்கே போவார்கள்? அவர்கள் தாமே கூடி, மாதத்தில் 12 நாட்களே பாசி எடுப்பது, மீன் இனம் பெருகும் பருவத்தில் அறவே நிறுத்துவது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். கூலி அன்றன்றைக்கு வேண்டியவர்கள் செய்த முடிவு இது என்பதை மறக்கலாகாது. அவர்களுக்குத் தலைமை ஏற்ற சின்னப்பாலம் இலட்சுமி அம்மையாருக்கு 2015இல் சீக்காலஜி என்னும் அயல்நாட்டு அமைப்பு விருது அளித்தது.

இலட்சத்தீவிலும் இத்தகைய முறை உண்டு. பவளத் திட்டுகளிடையே பிடித்த சிறு மீன்களை உயிருடன் இரையாக வீசி, சூரை மீனைத் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். மினிக்காய்த் தீவில் அதை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தி மாசிக் கருவாடு ஆக்குகிறார்கள். பவளம் பட்டால் இரை மீன் குறையும். இரை மீன் குறைந்தால் தூண்டிலுக்கு வேலை இல்லை.

இனி நம் பங்குக்கு வருவோம். நம் கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. ஆயினும் மற்ற நாட்களில் சிறுகண் வலையில் சிக்கும் பெரிய மீன்களின் குஞ்சுகள், உண்பார் இன்றித் தீவனத்துக்கு வருகின்றன. அது விதைநெல்லைக் குத்திச் சமைப்பதாகும். நெத்திலி இயல்பிலேயே சிறியது. அதைக் குறை சொல்லவில்லை. உலர்மீனாக வாங்கும் பண்ணையாளர்கள் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். விரல் நீளக் குஞ்சுகளே நிறைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு நம் சந்தையிலேயே கிடைக்கிறது.