கைக்கு எட்டிய புத்தகம்



நினைவுரை ஆற்ற அழைத்தபோது அய்யாவின் எழுத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தேன். ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் காலனியில் அவர் நடத்திய மாலை வகுப்புதான். பாடம் தொடங்கும் முன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவரவர் கைக்குப் பக்கத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும். நல்லதாகப் பார்த்துத் தேடக் கூடாது. ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, விரல் பட்ட வாக்கியத்தை எல்லோருக்கும் கேட்க வாசிக்க வேண்டும்.

வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் உள்ளவர்களுக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்கு முதல் நாளே சிக்கல். இருபது பேரில் ஐந்தாறு பேரிடம்தான் பாடப்புத்தகம் இருந்தது. ஒருத்தி கடலை மடித்த தாளை நீட்டினாள். நான் வீட்டுக்கு ஓடி ரேஷன் கார்டை எடுத்து வந்தேன். "அதுவும் புத்தகம்தான், வாசிடா" என்றார்.

அப்பாவின் பெயரை வாசித்தேன். ஓர் எழுத்து பிழையாக இருந்தது. கார்டு வந்து ஆறு வருடம். அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வாசிக்க ஆள் இல்லை. அந்த வாரமே அய்யா அப்பாவைக் கூட்டிப்போய்த் திருத்தி வாங்கித் தந்தார்.

பிறகு மாதக்கணக்கில் பாடநூல்களைக் கண்டபடி பிரித்தோம். அரசர்கள் வந்தார்கள், ஆறுகள் வந்தன. எங்கள் தெரு ஒருநாளும் வரவில்லை. தேர்ந்தெடுத்த மேற்கோளில் இது தெரியாது. கைக்கு வந்ததை வாசிக்கும்போதுதான், நம் பக்கத்தில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது, என்ன வைக்கப்படவில்லை என்பது தெரிகிறது.

அதைக் கேட்டபோதுதான் அய்யா எங்களுக்கு வரலாறு சொன்னார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு விலையையே பெயராக வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. 1936இல் லாகூரில் பாபாசாகேப் பேச வேண்டிய உரையை, அழைத்தவர்களே படித்துப் பார்த்து, மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். மேடை கிடைக்காத அந்த 'சாதி ஒழிப்பு' உரை இன்று எத்தனையோ மொழிகளில் வாசிக்கப்படுகிறது.

தோழர்களே, அரங்க வாசலில் இந்த உரையையும் அச்சிட்டுத் தருகிறார்கள். வாங்கிப் போய் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்தில், டிவி பக்கத்திலோ அரிசி டிரம் மேலோ போட்டு வையுங்கள். இன்றிரவு ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு வாக்கியம் வாசிக்கச் சொல்லுங்கள். அதில் பிழை இருந்தால் பிள்ளைகளே திருத்தட்டும்.