பாரடைமும் வாய்பாடும்

ஆய்வேடுகளில் ‘பாரடைம்’ என்னும் சொல் மலிந்து கிடக்கின்றது. பலருக்கு அது நாவில் நிற்கின்றதே ஒழிய, பொருள் நெஞ்சில் நிற்பதில்லை. கிரேக்க மூலத்தில் அதற்கு முன்மாதிரி என்பது பொருள். ஐரோப்பிய இலக்கண நூல்களில், ஒரு வினை திரிபுறும் வகையைக் காட்டும் அட்டவணைக்கு அது பெயராயிற்று. தமிழ் பயின்றார்க்கு இது புதிதன்று. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று கற்றவர் ‘வந்து’, ‘நின்று’, ‘உண்டு’ யாவற்றையும் அவ்வொரு சொல்லில் அடக்கிக்கொள்கின்றார். வாய்பாடு என்று கொண்டால் சொல் மறவாது. பெருக்கல் வாய்பாடு நினைவுக்கு வரினும் பழுதில்லை.

1962-இல் தாமஸ் கூன் அச்சொல்லை அறிவியல் வரலாற்றுக்குக் கொண்டுசென்றபோது பொருள் விரிந்தது. எதனை வினாவாகக் கொள்வது, எதனை விடையென ஏற்பது என்பதையே வகுத்துவிடும் முன்மாதிரி அது. இலக்கண வாய்பாட்டை மாணவன் அறிந்தே ஒப்பிக்கின்றான். கூன் கூறும் வாய்பாட்டுக்குள் நிற்பவனோ அஃது உண்டென்பதையே பெரும்பாலும் உணர்வதில்லை.

குத்தாலத்திற்கு மேற்கே, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆடுதுறை 27 என்னும் நெல் 1960களில் குறுவை வயல்களில் பரவியது. மாவுக்கு எத்தனை மூட்டை, அதற்கு எவ்வளவு உரம் என்பனவே பெரிதும் வினாக்களாயின. பின்னர் நம்மாழ்வார் (1938–2013) மண்ணின் உயிர்ப்பைப் பற்றிக் கேட்டார். மூட்டைக் கணக்கைக் கொண்டு அதற்கு விடை கூற இயலவில்லை.